விடுதிச் சமையலறைக் கழிவும் ஊட்டிக் குளிரும்

ஊட்டிக் குளிரில் குப்பையை மக்க வைப்பது சமவெளியில் மாதிரி சுலபமில்லை. நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். சின்னத் தொட்டியில் போட்டால் சோறு புளித்து நாறும், அவ்வளவுதான். அதனால் எங்கள் கல்லூரி விடுதியில் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டருக்குக் குறையாமல் பெரிய குவியலாகப் போடுகிறோம். அப்போதுதான் உள்ளே சூடு தங்கும். ஒரு கூடை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு. யூகலிப்டஸ் இலை வேண்டாம், மக்க ரொம்ப நாளாகும். காலையில் கிளறும்போது ஆவி பறக்கும். கையை உள்ளே விட்டால் நல்ல வெதுவெதுப்பு!

சுற்றிலும் கம்பி வலையும் மேலே மூடியும் கட்டாயம். கரடியும் காட்டுமாடும் வந்து பழகிவிட்டால் அவற்றுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

ஆனால் தட்டில் மிச்சம் வைக்காததுதான் பெரிய வேலை. "பாதி போடுங்கண்ணா, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றால் மெஸ் அண்ணன் சந்தோஷமாகவே போடுவார்.

இன்னொன்று. டாஸ்மாக் காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் திட்டம் 2022-இல் நம் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் யானைகளின் காலைப் பதம் பார்த்ததுதான் காரணம். அதே மாதிரி கேன்டீனில் எவர்சில்வர் டம்ளருக்கு முன்பணம் வாங்கலாமே? பேப்பர் கப்பே தேவைப்படாது. கல்லூரி முதல்வரிடம் மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போட வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சருகு அள்ளவும் ஆள் வேண்டும். மைதானத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் சருகு நிறையக் கிடக்கிறது. சாக்கு இருந்தால் எடுத்து வாருங்கள்.