தபசு மரத்தில் நின்று பாடுகிற பாட்டு

பெண்ணாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிற நாட்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி பத்து மணிக்குமேல் கூத்து தொடங்கும். விடிய விடியப் பாடுகிற அந்தப் பாட்டுகளில் எது வேஷம் கட்டி ஆடினவர் எழுதியது, எது உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று கூர்ந்து கேட்டால் பிடிபட்டுவிடும். ஆடினவர் எழுதின வரி வாயில் நிற்கும். மற்றது நடுச்சாமத்துக்குமேல் தொண்டையில் சிக்கும்.

இதற்குப் பெரிய சான்று சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் என்று எல்லாம் மிரட்டுகிற வேஷங்கள். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் அவரைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாகவும், அதோடு அவர் அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். அதற்குப் பிறகு எழுதுவதும் கற்றுக்கொடுப்பதுமே வாழ்க்கை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பிற்பாடு நாடகத்தில் பேர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள்தான்.

சிறுவர்களுக்குப் பாட்டு எழுதுவது தனி வித்தை. வளருகிற வயசில் குரல் உடைகிற மகரக்கட்டு வந்துவிட்டால் நேற்றுவரை எட்டின மேல் ஸ்தாயி இன்றைக்கு எட்டாது. தானே பாடி ஆடினவருக்குத்தான் எந்த இடத்தில் குரல் உடையும் என்று காதில் விழும். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் மதுரை, புதுக்கோட்டைச் சீமையில் மேடையேறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். அத்தனை பேருக்குப் பாட்டுக் கொடுத்த வாய்க்கு அப்படியா வர வேண்டும் என்று மனசு ஆறுவதில்லை.

அவர் தொழில் செய்தது கொட்டகை நாடகத்தில். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி கூத்து மண் தரையில், திறந்தவெளியில். ஆனாலும் கூத்து வாத்தியார் ஏறி வருகிற படி ஏறக்குறைய அதேதான். சின்ன வயசில் பின்பாட்டில், அதாவது வேஷக்காரர் பாடுவதைப் பின்னால் நின்று வாங்கிப் பாடுகிறவர்களோடு, நின்று தாளம் பழகுவது, பிறகு பெண் வேஷம், பிறகு ராஜ வேஷம், அதற்கும் பிறகே பாட்டில் கைவைக்கிற உரிமை.

அர்ச்சுனன் தவம் செய்ய மரமேறுகிற கூத்தான அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வெளியில் உயரமான மரத்தை நட்டு, குறுக்கே படிச்சட்டம் அடித்து, உச்சியில் ஒரு ஆள் உட்காரப் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒரு படிக்கு ஒரு பாட்டு என்று பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் ஈரச்சேலையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழமும் விபூதியும் மடியில் விழ வேண்டும். இந்த இடத்துக்கு எழுதுகிறவர் மூன்று விஷயங்களைக் கணக்கில் வைக்க வேண்டும். ஏறும்போது மூச்சு இரைக்கும். ஆகவே வரி குறுகலாக, நாலு சீருக்குள் முடிய வேண்டும். கையில் பிடிப்பு இருப்பதால் தாளம் போட முடியாது. ஆகவே கீழே மத்தளக்காரர் ஒவ்வொரு அடி முடிவையும் கேட்டுப் பிடிக்கும்படி அடிக்கடி ஒரே ஓசையில் முடிய வேண்டும். உயரம் கூடக் கூட முகவீணை என்கிற ஊதுகுழலும் ஆர்மோனியமும் அவர் காதுக்கு மங்கும். அங்கே ராகம் மாற்றினால் சுருதி விலகும். பாதி மரத்துக்குமேல் புது ராகமே வேண்டாம்.

தரையில் வேறு சிக்கல். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று முதலில் விருத்தம் பாடுவார், அதற்குத் தாளம் கிடையாது. பிறகு தாளத்தோடு பாடுகிற பாட்டு, அதுதான் தரு. திரை விலகினதும் பெஞ்சைச் சுற்றி ஆட்டம், வேகமாகச் சுழல்கிற கிறுக்கி. கிறுக்கி சுற்றி நிற்கிறவருக்கு உடனே வாயில் வரி வராது. அந்த இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் பல்லவியை இரண்டு தரமாவது திருப்பிப் பாடும்படி எழுதியிருந்தால் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். எழுதியவர் இதை விட்டுவிட்டால் ஆட்டத்தைச் சுருக்குவார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் நாடாவால் இறுகக் கட்டியிருக்கும் என்பதால் மார்பு முழுசாக விரியாது. வேஷம் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பாடின அடி, வேஷத்தோடு இரண்டு மூச்சு கேட்கும். ஆகவே ஒத்திகையில் இடுப்பையும் மார்பையும் துண்டால் இறுக்கிக்கொண்டு பாடிப் பார்ப்பது நல்லது.

வரி முடிவுதான் புதுசாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம். ‘படைதிரட்டிப் புறப்பட்டு’ என்று அடி முடிந்தால் ‘ட்டு’ வாயை மூடிவிடும். இழுக்க வழியில்லை, பின்பாட்டு ஏந்தவும் முடியாது. ‘படைதிரட்டி வந்தேனே’ என்றால் அந்த ஏகாரத்தைப் பின்பாட்டு எவ்வளவு நேரமானாலும் பிடித்து நிற்கும். வல்லின இரட்டிப்பு அடிக்கு நடுவில் வரலாம், அடிக்கு உயிரே அதுதான். சண்டைத் தருவில் அது இல்லாவிட்டால் மத்தளம் சோர்ந்துவிடும். மேல் ஸ்தாயியில் மட்டும் ஆ, ஏ, ஓ வரும்படி பாருங்கள். அங்கே இகரம் வந்தால் குரல் கீச்சிடும்.

மைக் தொங்கவிட்ட பிறகு இதெல்லாம் தேவையில்லை என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். ஆட்டக்காரர் சுற்றும்போது முகம் மைக்கை விட்டு விலகி விலகித்தான் வரும். எழுவாயும் வினையும் ஒரே அடியின் இரண்டு முனையில் இருந்தால் பாதி போய்ச்சேராது. முக்கியமான பெயரை அடுத்த அடியில் இன்னொரு தரம் வைக்க வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஜனங்களும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகப் பாட்டை மாற்றத் தேவையில்லை. கதையை அறிவித்துக் கேலியும் பேசுகிற கட்டியங்காரனின் வசனத்தில் சேதியைச் சொல்லிவிட்டால் போதும், பாட்டு தன் வேலையைச் செய்யும்.

புதுப் பாட்டை அரங்கேற்ற, குரல்கள் புதுசாக இருக்கிற ஆரம்ப ராத்திரிகளைத் தேர்ந்தெடுங்கள்; சுபத்திரை கல்யாணம் தோதான இடம். பதினெட்டாம் போர் வரும்போது பின்பாட்டுக்காரர்கள் பலருக்கும் தொண்டை கட்டியிருக்கும். விடிந்தால் துரியோதனனை வீழ்த்துகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. அன்றைக்கு எல்லாருக்கும் ஊறிப்போன பழைய பாட்டையே பாட விடுங்கள், சுருதியையும் அரைக்கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.