750-ஐக் கழற்றி 750-ஐ மாட்டிய கதை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

போன மாதம் வாங்கிய 1972 செவர்லே சி-10 பிக்கப் இன்று நடுரோட்டில் மானத்தை வாங்கிவிட்டது. கொலராடோவில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் காலேஜ் அவென்யூவில் பச்சை விழுந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தேன், வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தது. அப்புறம் ஓர் உலுக்கு, கறுப்புப் புகை, ஒருவழியாகக் கிளம்பியது. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பானெட்டைத் திறந்தால் காரணம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் 350 கன அங்குல வி8, நம் கணக்கில் 5.7 லிட்டர். அதன் தலையில் முந்தைய சொந்தக்காரர் ஆசை ஆசையாக மாட்டிய 750 சிஎஃப்எம் டபுள் பம்பர் கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது, 750 என்பது அது விடக்கூடிய காற்றின் அளவு. பந்தயக்காரர்களுக்கு அருமையான சாமான். காற்று போகும் குழாய்களான நான்கு பேரல்களில் பின்பக்க இரண்டும் பெடலோடு கம்பியால் இணைந்தவை. முழுக்க மிதித்தால் இன்ஜின் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான்கும் திறந்தே தீரும். லேசான வண்டி, கிளட்ச் கியர் என்றால் சரி. இதுவோ ஆட்டோமேட்டிக் கியர் போட்ட கனத்த பிக்கப்.

ஒரு கேலனுக்கு 8 மைல் தருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சொன்னது: "அந்த ஜாக்கெட்டை கராஜிலயே விட்டுட்டு வாங்க."

ஏப்ரல் 8, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டேன். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதுதான். இன்ஜினின் கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். இந்த 3456 எங்கிருந்து வருகிறது என்று முதலில் குழம்பினேன். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் முழு மூச்சு இழுத்து முடிக்க இரண்டு சுற்று ஆகும். 1728-ஐ இரட்டித்தால் 3456. அவ்வளவுதான்.

என் வண்டி 4500 ஆர்பிஎம்மைத் தாண்ட வேலையே இல்லை. 350 × 4500 ÷ 3456 = 456. அதுவும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால்தான். பழைய, மாற்றம் செய்யாத இன்ஜின் 80 சதவீதம் நிரம்பினால் பெரிது. ஆக 365.

உச்சத்தில் கேட்பதே 365. மாட்டியிருப்பது 750.

பெரிதாக இருந்தால் என்ன குறைச்சல் என்று கேட்கத் தோன்றும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சலாம். அதே இளநீரில் தோட்டத்துப் பைப்பை விட்டு உறிஞ்சிப் பாருங்கள். கார்புரேட்டரின் தொண்டை அகலமானால் காற்றின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பெட்ரோலை மேலே இழுக்கும் உறிஞ்சலும் குறையும். வருகிற பெட்ரோலும் பனியாக உடையாமல் துளித்துளியாக விழும்.

சாயங்காலம் ஒரு பாகக் கடையில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர், வி8 என்றால் 750-க்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம் என்றார். 365 என்ற என் தாளைக் காட்ட வெட்கமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

கார்புரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் காற்று எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டுத் தாத்தா. நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். கேஸ் டார்ச்சைப் பற்ற வைக்காமல், வெறும் புரொப்பேனை மட்டும் திறந்து, ஓடுகிற இன்ஜின் ஓரமாக மெல்லக் கொண்டுபோனார். கார்புரேட்டருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஓர் அலுமினிய அடாப்டர் தட்டு இருக்கிறது. அதன் பின் மூலைக்கு வந்ததும் ஐடில் (வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறியது. அங்கே கசிகிறது, புரொப்பேன் அது வழியே உள்ளே போகிறது.

அந்தத் தட்டு ஏன் வந்தது என்பதில்தான் விஷயமே. என் மேனிஃபோல்டு கம்பெனி வார்ப்பிரும்பு. அதில் முன்னிரண்டு ஓட்டை சின்னது, பின்னிரண்டு பெரியது. டபுள் பம்பரில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பொருந்தாததைப் பொருத்தத்தான் தட்டு.

இரவு என்னென்ன வாங்கலாம் என்று பார்த்தேன். எடெல்புராக் 1406-தான் முதலில் கண்ணில் பட்டது. 600 சிஎஃப்எம், எலக்ட்ரிக் சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கலவையைக் கொழுக்க வைப்பது), பழைய கார்ட்டர் ஏஎஃப்பி கார்புரேட்டர் வம்சம். மேல் மூடியைக் கழற்றாமலேயே, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ராடை மாற்றலாம் என்பது என் போன்ற கற்றுக்குட்டிக்கு வரப்பிரசாதம். ஹோலி 600-ம் இருக்கிறது, பின் பேரல்கள் இன்ஜினின் உறிஞ்சலில் (வேக்யூமில்) திறக்கும் வகை. இரண்டுக்கும் என் மேனிஃபோல்டில் மறுபடி தட்டு வேண்டும், இல்லையென்றால் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். கியர் பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கேபிளுக்கு (முழுக்க மிதித்தால் கியரை இறக்குவது) தனி பிராக்கெட் வேறு.

500 சிஎஃப்எம் இரண்டு பேரல் ஒன்றையும் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் சூட்சுமம் புரிந்தது. நான்கு பேரலை 1.5 அங்குல வேக்யூமில் அளப்பார்கள், இரண்டு பேரலை 3 அங்குலத்தில். ஒரே தராசில் நிறுத்த 1.414-ஆல் வகுக்க வேண்டும். அந்த 500 உண்மையில் 354தான். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை நம்பி இனி எதையும் வாங்கக் கூடாது.

1406-ஐ வாங்குவதாகக் கிட்டத்தட்ட முடிவு.

ஏப்ரல் 13, ஞாயிறு

முடிவு கவிழ்ந்தது. வண்டியோடு வந்த மரப்பெட்டியில் துருப்பிடித்த ஹப் கேப்களுக்கு அடியில், பழைய குளியல் துண்டில் சுற்றிய ஒரு பாரம். பிரித்தால் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். பக்கவாட்டில் அச்சிட்ட எண் 7042 என்று தொடங்குகிறது. நான்காவது இலக்கம் வருடம், 2 என்றால் 1972. கடைசி இலக்கம் இரட்டைப்படை, அதாவது ஆட்டோமேட்டிக் வண்டிக்கானது. இந்த வண்டியோடு பிறந்ததாகவே இருக்கலாம்.

தாத்தாவிடம் கொண்டுபோனேன். இது எத்தனை சிஎஃப்எம் என்றேன். 750 என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே முன் பேரலில் விரலை விட்டுக் காட்டினார். விட்டம் 1 3/8 அங்குலம்தான். பின் பேரல் 2 1/4 அங்குலம், கிணறு மாதிரி. சாதாரணமாக ஓட்டும்போது முன்னால் உள்ள இந்தச் சின்ன இரண்டு மட்டுமே வேலை செய்யும், காற்று விர்ரென்று போகும். அழுத்தி மிதித்தால் பின்பக்கத் த்ராட்டில் திறக்கும். ஆனால் அதற்கு மேலே ஒரு காற்றுக் கதவு இருக்கிறது, ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் கதவு விலகும். 365 கேட்டால் 365 கொடுக்கும், மீதி பூட்டியே கிடக்கும்.

விரலால் அந்தக் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தள்ளும்போதெல்லாம் பின்பக்க ஊசிகள் இரண்டும் அதோடு சேர்ந்து எழுந்தன. ரொம்ப நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வேலை (அனுமதி வாங்கித்தான்). கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் (மிதவை) பழுப்பு நிற நுரைப் பொருள். வருடக்கணக்கில் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போகும், கனத்தால் மிதக்காது, மிதக்காவிட்டால் ஓவர்ஃப்ளோ. சமையலறைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன், பழையது நன்றாகவே கனம். தூக்கிப் போட்டேன். அடியில் உள்ள அடைப்புகள் வயதானால் கசியும், ராத்திரியோடு ராத்திரியாகக் கிண்ணத்தைக் காலி செய்துவிடும் என்பதால் எபாக்ஸி பூசினேன். த்ராட்டில் ஷாஃப்ட் ஆட்டம் கண்டிருந்தது. அதற்குப் புஷ் போட்டுத் தந்தவர் தாத்தா. அந்தத் துளையைப் போட எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 26, சனி

மாட்டியாயிற்று. தட்டு இல்லை, புது கேஸ்கெட் மட்டும். கிக்டவுன் கேபிள் தன் பழைய குமிழில் போய் உட்கார்ந்தபோது அத்தனை திருப்தி. முன்பக்கம் உள்ள இரண்டு நீள போல்ட்டுகளை வெறியோடு முறுக்காதே, மேல் மூடியே கோணிப்போகும் என்று எச்சரிக்கை வந்ததால் டார்க் ரெஞ்சில் 12 பவுண்டு-அடியோடு நிறுத்திக்கொண்டேன்.

முன்பு ஐடிலில் வேக்யூம் மீட்டர் முள் 10 அங்குலத்தில் தள்ளாடியது. இப்போது 13-ல் அசையாமல் நிற்கிறது. 13 குறைவில்லையா என்றால், இல்லை. ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும், நாங்கள் இருப்பது 5000 அடியில். கடலோர ஊரில் இதே இன்ஜின் 18 காட்டும்.

ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் இன்னும் கரி.

மே 3, சனி

கரிக்குக் காரணமும் அந்த 5000 அடிதான். இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. கடல்மட்டத்துக்கு வைத்த ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அதே அளவு பெட்ரோலைக் கொட்டினால் கலவை கொழுத்துத்தான் போகும். முன் ஜெட்டை இரண்டு எண் குறைத்தேன். பாதி சரியானது.

மறு பாதியைக் கண்டுபிடிக்க மூன்று சாயங்காலம் போயிற்று. முன்பக்க மீட்டரிங் ராடுகளை வேக்யூம் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். பாரம் ஏறி வேக்யூம் விழுந்தால் அடியில் உள்ள ஸ்பிரிங் அவற்றைத் தூக்கிக் கூடுதல் பெட்ரோல் விடும். இந்த ஊரில் வேக்யூமே குறைச்சல் என்பதால், சின்ன மேட்டுக்கெல்லாம் ஸ்பிரிங் ஜெயித்துவிடுகிறது. வண்டி பாவம், எப்போதும் மலை ஏறுவதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மெல்லிய ஸ்பிரிங் போட்டேன். பின் காற்றுக் கதவின் ஸ்பிரிங்கை முக்கால் சுற்றில் வைத்தேன். அரைச் சுற்றில் லேசாகத் திணறியது.

மே 10, சனி

பூடர் பள்ளத்தாக்கு வழியாக ரஸ்டிக் வரை போய் வந்தேன். ஓடைத் தண்ணீர் பனி உருகிப் பழுப்பாக ஓடுகிறது. ஒரு வளைவு தாண்டி முழுக்க மிதித்தேன். முதலில் ஒன்றும் இல்லை, அப்புறம் பின் பேரல்கள் திறக்கும் அந்த அடித்தொண்டை உறுமல். திணறல் இல்லை, புகை இல்லை. திரும்பி வந்து டாங்க் நிரப்பிப் பார்த்தால் கேலனுக்கு 12 மைல். இன்றைய காலத்தில் இதைப் போய் மைலேஜ் என்று சொல்வதா என்று மகள் கேட்கிறாள், நியாயம்தான்.

டபுள் பம்பரைத் துடைத்து அதே குளியல் துண்டில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தேன்.

சோக் மட்டும் பாக்கி. இந்த மாடலில் சோக்கை இழுக்கும் சுருள் கார்புரேட்டரில் கிடையாது, மேனிஃபோல்டின் சூட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு கம்பி வழியாக இயங்கும். அந்தச் சுருளையும் கம்பியையும் யாரோ எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை காலையில் இரண்டு மிதி, ஒரு நிமிடம் பெடலில் கால்.