ஞாயிறு நடை: கார்த்திகை முதல் தை வரை

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

விடியுமுன்னே மதுரைக்குப் பக்கத்து நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் நடைக் குழுவினர் 28 பேர் சேர்ந்துவிட்டோம். இன்று கீழக்குயில்குடி சமணர் மலை. எத்தனை முறை போனாலும் அந்த அய்யனார் கோயிலும் ஆலமரமும் தாமரைக் குளமும் தெரிந்தவுடன் எனக்கு மனசு லேசாகிவிடுகிறது.

முதலில் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்ற குகை. நீண்ட காதுகளோடு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று நினைத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். உள்ளே குனிந்து போனால் குகையின் கூரையில் வரிசையாகச் சிற்பங்கள். சிங்கத்தின் மேலிருந்து யானையோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தை இன்று முதல் தடவை வந்த ஒரு சின்னப் பெண் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். அதுதான் சரியான வழி. நாங்கள் எல்லாம் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் பேச்சிப்பள்ளம். அங்கேதான் படி ஏற வேண்டும். வாத்தியார் ஐயா பத்துப் படி ஏறினார், நின்றார், "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழ ஆலமரத்தடியில இருக்கேன்" என்றார். போன வருடம் வரை எங்களுக்கு முன்னால் ஏறியவர். வயது 74, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன.

மேலே சுனையை ஒட்டி எட்டுச் சிற்பங்கள். படமெடுத்த பாம்பின் கீழே பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று அதில் ஒன்று சொல்கிறது. வழக்கமாக அதைப் படித்துச் சொல்பவர் ஐயாதான். இன்று நான் சொன்னேன். துறவு பூண்டு போன மகனின் பெயரோடு தன் பெயரையும் கல்லில் வைத்துவிட்டுப் போன அந்தத் தாயைப் பற்றி ஐயா சொல்லும்போது கேட்கிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். நான் சொன்னபோது பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தால் ஐயா ஆட்டுக்காரப் பாட்டி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். மந்தாரை இலையில் பொங்கல், வடை. அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஐயாவுக்குப் போன் செய்தேன். "இனிமே என்னை எண்ணிக்கையில சேர்க்காதீங்கம்மா. எனக்காக ஒரு ஆள் கீழ காத்திருக்கிறது நல்லா இல்ல" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். வைத்த பிறகு ரொம்ப நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் இந்தக் குழுவை ஐந்து பேரோடு தொடங்கியவர் அவர். கணவர் இறந்த அந்த ஆண்டில் என்னை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் இந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். 15 பேர். சுக்குமல்லி காபி, அவித்த வேர்க்கடலை. ஐயா வரவில்லை. வந்திருந்தால் நான் இந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன்.

மாதம் இரண்டு நடை போகிறோம், அதில் ஒன்று மலை இல்லாமல் இருக்கட்டும் என்றேன். கண்மாய்க் கரை, ஆற்றங்கரை, வயல் வரப்பு, எல்லாம் இருக்கின்றனவே. கல்லூரியில் படிக்கும் தம்பி உடனே மறுத்தான். "மலை ஏறத்தான்கா நான் ரெண்டு வாரம் காத்திருக்கேன். கரையில நடக்கிறதுக்கு எங்க தெருவே போதும்." அவன் சொன்னதும் பொய்யில்லை. வாரம் முழுக்கப் படிப்பு, சாயங்காலம் ஒரு கடையில் வேலை. மலை உச்சியில் நின்று காற்று வாங்குவது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணி வரைக்கும் பேசினோம். கடைசியில், ஒரு தடவை போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் மறுபடி பேசுவோம் என்று முடிவானது. தம்பி தலையாட்டினான், முழு மனதோடு இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

தென் மாவட்டமெல்லாம் மழை. நடை ரத்து. கண்மாய்கள் நிறையட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

மேலூர் பக்கம் ஒரு பழைய கண்மாய். நாரைகள் தங்கும் இடம், அதனால் ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஐயாவை அவர் வீட்டுக்கே போய் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். மறுத்துத்தான் பார்த்தார். "உங்களுக்காக இல்ல ஐயா, கண்மாயைப் பத்தி எங்களுக்கு யார் சொல்லுவா?" என்றேன். அது உண்மையும்கூட.

மார்கழிப் பனி கரை மேல் கட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் ததும்பிக் கிடந்தது. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நடுவில் கூழைக்கடா கூட்டம் ஒன்று மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. கருவேல மரங்கள் பாதி உடல் தண்ணீருக்குள். கரை மேல் நடப்பதற்கு யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. அதனால் பேச்சு நிற்கவே இல்லை. மலையில் நாங்கள் இப்படிப் பேசியதே கிடையாது.

தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் தெரிந்தன, நடுவே குறுக்குக் கல். நான் அதை எத்தனையோ கண்மாய்களில் பார்த்திருக்கிறேன், மடை என்பதைத் தாண்டி யோசித்ததில்லை. ஐயா கரையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் கண்மாய்த் தரையில் ஒரு கல் தொட்டி. அதன் மேலே ஒரு துளை, அதை ஒரு கல் மூடியிருக்கும். மூடியைத் தூக்கினால் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். அந்தப் பெரிய துளைக்கு நீரோடித் துளை என்று பேர். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை சேறோடித் துளைகள். தண்ணீர் ஓடும் வேகத்தில் அடியில் படிந்த சேற்றையும் அவை சேர்த்து இழுத்துவிடும். கண்மாய் தூர்ந்து போகாமல் இருக்கவும் ஆச்சு, வயலுக்கு வண்டல் போய்ச் சேரவும் ஆச்சு.

"தண்ணி நிறைஞ்சு கிடக்கும்போது யார் ஐயா அங்க போய்த் திறப்பாங்க?" என்று கேட்டது அந்தத் தம்பிதான். நீந்திப் போய்த்தான் திறக்க வேண்டும் என்றார் ஐயா. சுழிப்பில் மாட்டினால் உயிர் போய்விடும். அப்படித் திறக்கப் போய்த் திரும்பி வராதவர்கள் உண்டு. ஊரெல்லாம் சோறு தின்பதற்காக மூச்சடக்கி இறங்கியவர்கள். அதன் பிறகு தம்பி அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலிங்கு வரைக்கும் நடந்தோம். மிஞ்சின தண்ணீர் கலிங்குக் கற்களுக்கு இடையில் வழிந்து அடுத்த கண்மாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஓர் ஓடையை யாராவது அடைத்துவிட்டால் கீழே இருக்கிற அத்தனை ஊரும் காயும். இதைச் சொல்லும்போது ஐயாவின் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கும் கோபம் வந்தது. வரும் வழியில் பிளாட் போட்டு மூடிய ஒரு வரத்துக்காலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

நாலு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் ஐயா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 7, 2025, செவ்வாய்

நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களின் பேரணி, டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து. எங்களில் ஆறு பேர் போனோம். குழுவாக இல்லை, அவரவர் விருப்பம். ஏலத்துக்கு விட்ட நாயக்கர்பட்டிப் பகுதிக்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. அங்கே எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த வீடுகள் இருக்கின்றன, எப்படிப் போகாமல் இருப்பது? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த பெண்களைப் பார்த்த பிறகு என் கால் வலியை வெளியே சொல்ல மனம் வரவில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். குழுவில் ஒரு தங்கச்சியின் ஊரில் மதியச் சாப்பாடு. பனங்கிழங்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்கள்.

ஜனவரி 23, வியாழன்

டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்துவிட்டது. ஐயாதான் முதலில் போன் செய்தார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை, அப்புறம் அவரே, "அரிட்டாபட்டி போவோமாம்மா? நான் கீழயே இருந்துக்கிறேன்" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அரிட்டாபட்டி. 41 பேர், இதுவரை இல்லாத கூட்டம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193 எக்டேர். ஊருக்குள் நுழையும்போதே ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டு வந்தார். அவருக்கு நாங்கள் யார் என்று தெரியாது. வருகிற எல்லோரையும் இப்போது அப்படித்தான் வரவேற்கிறார்களாம்.

கண்மாய்க் கரையில் எல்லோரும் சேர்ந்தே நடந்தோம். பாறைக்கு மேல் ஒரு வல்லூறு வட்டமிட்டது. லகர் வல்லூறா என்று பறவை பார்க்கிற இரண்டு பேரும் தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். முடிவுக்கு வரவில்லை. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் இலகுலீசர் சிற்பத்தின் முன்னால் ஐயா அரை மணி நேரம் பேசினார். தமிழ்நாட்டில் இலகுலீசரைப் பார்ப்பது அபூர்வம்.

பிறகு பாதிப் பேர் கழிஞ்சமலைக்குப் போனோம். குகைக்குப் பக்கத்தில் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி. பேச்சிப்பள்ளத்தில் பார்த்த தாயின் மகன் பெயர் இங்கே. இந்தத் தடவை நான் சொன்னபோது யாரும் படம் எடுக்கவில்லை.

குகையின் நெற்றியில் தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி. தம்பி போனில் எடுத்துப் பார்த்தான், வெயில் பட்டு ஒன்றும் விழவில்லை. யாரோ முன்பு சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் இழைத்திருந்த தடம் இருந்தது. அப்படிச் செய்யவே கூடாது, கல் வீணாகும். அவன் பையிலிருந்து நோட்டை எடுத்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைய ஆரம்பித்தான். எங்களை முன்னால் போகச் சொல்லிவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் இறங்கி வந்தபோது ஐயா புளியமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நோட்டை அவர் மடியில் வைத்தான். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினார். "நெல்... வெளிஇய்... சிழிவன்... அதினன்... வெளியன்..." என்று எழுத்துக் கூட்டி வந்தவர், "முழாகை கொடுபிதோன்" என்று முடித்தார். நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான்.

"நெல்வேலின்னா திருநெல்வேலியா ஐயா?" என்றான் தம்பி.

"அப்படித்தான் சொல்றாங்க. எங்க ஊர்க்காரன்பா" என்று ஐயா சிரித்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல், இரண்டாவது வரியில் ஒரு எழுத்தைக் காட்டி, "இது 'தி' மாதிரி இல்லையே, சரியாப் பார்த்தியா?" என்றார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி மலைக்குக் கிளம்பினான்.