முன்புறப் புல்லைப் பிடுங்கியதற்கு வந்த நோட்டீஸும் முப்பதாவது நாளும்

2024 ஜூலை 20ஆம் தேதி இரவு, ஒரு மாத விடுமுறையை முடித்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்களுக்காக எடுத்துவைத்திருந்த தபால் கட்டில், மளிகைக்கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே தபால் துறையின் வெளிர் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்று இருந்தது. சர்டிஃபைட் தபால் ஒன்றை ஜூன் 27 அன்று கொண்டுவந்ததாகவும், கையெழுத்திட ஆள் இல்லாததால் திரும்ப எடுத்துச்சென்றதாகவும் அதில் குறித்திருந்தார்கள். அனுப்பியவர் யார் என்று பார்த்தால், எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தை, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் எச்.ஓ.ஏ.வை, நடத்திக்கொடுக்கும் நிர்வாக நிறுவனம். எதற்காக என்பது எங்கள் இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது.

2023 கோடையில் எங்கள் வீட்டு முன்புறத்தில் இருந்த செயிண்ட் அகஸ்டின் புல் முற்றாகக் காய்ந்து போனது. வாரத்துக்கு ஒரு நாள்தான் தெளிப்பான் போடலாம் என்ற கட்டுப்பாட்டில் அந்தப் புல்லைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முயன்றவர்கள் தண்ணீர்க் கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். ஆகவே மறுவருடம் மே மாதத்தில் பழைய புல்லை எடுத்துவிட்டு, பாதி இடத்தில் பஃபலோ புல் நாற்றுகளும், மீதி இடத்தில் கிரானைட் பொடிக்கல் பரப்பி அதன் நடுவே டெக்சஸ் சேஜ், சால்வியா, சிவப்பு யக்கா ஆகிய செடிகளும் வைத்தோம். வறட்சியைத் தாங்கும் தோட்டத்தை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது என்று டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.007ஆவது பிரிவு 2013 முதல் சொல்வதை நான் அறிந்திருந்தேன். அந்தத் தைரியத்தில், சங்கத்தின் வடிவமைப்புக் குழுவிடம் முன்அனுமதி வாங்காமலேயே வேலையை முடித்துவிட்டேன்.

அதே பிரிவை இன்னும் சில வரிகள் கீழே படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. தடுக்கக் கூடாது என்று சொல்லும் அதே சட்டம், திட்ட வரைபடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, சுற்றியுள்ள வீடுகளோடு தோற்றம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒப்புதல் தரும் உரிமையைச் சங்கத்துக்குக் கொடுக்கிறது. காரணமின்றி மறுக்கத்தான் கூடாது. சரளை, பாறை, கள்ளி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் சங்கத்துக்கு உண்டு. நாங்கள் பரப்பியிருந்தது நாலு டன் பொடிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையம் கிடையாது. திங்கட்கிழமை காலை போனால், பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிட்டோம் என்றார்கள். கடிதத்தில் என்ன தேதி, என்ன கெடு என்பது எதுவும் தெரியாது. செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் கார் ஓட்டி நிர்வாக நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த பெண், வீட்டு உரிமையாளர்களை நேரில் சந்திப்பதில்லை என்றும், எதுவானாலும் இணைய முகப்பில் டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போட வேண்டும் என்றும் சொன்னார். நான் ஏற்கெனவே இரண்டு டிக்கெட் போட்டிருப்பதைச் சொன்னபோது, மூன்றாவதாக ஒன்று போடுமாறு ஆலோசனை கூறினார். திரும்பி வந்து மூன்றாவது டிக்கெட்டையும் போட்டேன். புதன்கிழமை மாலை கடிதத்தின் நகல் மின்னஞ்சலில் வந்தது.

கடிதம் அனுப்பப்பட்ட தேதி ஜூன் 25. அனுமதியின்றி முன்புறத்தை மாற்றியது, அளவுக்கு மீறிய சரளை, அனுமதியற்ற அலங்காரக் கொடிகள் (படரும் கொடி அல்ல, பறக்கும் கொடி) என்று மூன்று குற்றங்கள். சரிசெய்யாவிட்டால் முதலில் 50 டாலர், பிறகு ஏறிக்கொண்டே போகும். கொடிகள் என்று சொல்லப்பட்டவை, தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத்தரும் 811 எண்ணுக்கு அழைத்துச் சொன்னதால் வந்தவர்கள் நட்டுவிட்டுப் போன அடையாளக் கொடிகள்: எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், கேபிளுக்கு ஆரஞ்சு. வேலை முடிந்ததும் அவற்றைப் பிடுங்க நான் மறந்ததுதான் தவறு. எரிவாயுக் குழாயை யாராவது அலங்காரம் செய்வார்களா என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அபராதம் விதிக்கும் முன் விசாரணை கேட்கும் உரிமை டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209ஆவது அத்தியாயப்படி நமக்கு உண்டு. ஆனால் அதற்கான முப்பது நாள், கடிதம் நம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அவர்கள் தபாலில் சேர்த்த நாளிலிருந்தே கணக்கு. ஜூன் 25 முதல் எண்ணினால் முப்பதாவது நாள் ஜூலை 25, அதாவது மறுநாள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவர் முன்பு வேறொரு குடியிருப்பின் சங்கக் குழுவில் இருந்தவர். இரவு பத்து மணிக்கு அவரை அழைத்தேன். "தம்பி, டிக்கெட்ட நம்பாதீங்க. விசாரணை வேணும்னு ஒரே ஒரு வரி எழுதி, காலையில முதல் வேலையா சர்டிஃபைட் தபால்ல போட்டுருங்க. அதையே மெயில்லயும் அனுப்புங்க. நியாயத்த அப்புறமா பேசிக்கலாம்" என்றார். நான் அதற்குள் நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு அவர் சொன்னபடி செய்தேன். ரசீதில் ஜூலை 25 என்ற முத்திரை விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் தபாலை நிறுத்திவைக்கச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். சங்கத்தின் இணைய முகப்பில் உங்கள் மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். என்னுடையது மூன்று வருடங்களுக்கு முன் விட்டுவந்த வேலையின் முகவரியாக இருந்தது.

விசாரணைக்கு ஆகஸ்ட் 20 என்று தேதி வந்தது. அதற்கிடையில், செய்திருக்க வேண்டிய வேலையைத் தாமதமாகவேனும் செய்துவிடலாம் என்று வடிவமைப்புக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஒரு வாரத்தில், குடியிருப்பின் தோற்றத்துடன் ஒத்துப்போகவில்லை என்று ஒற்றை வரியில் நிராகரித்தார்கள். இந்த ஒற்றை வரியை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, நிராகரிப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, அதற்கான காரணமும் ஒப்புதலுக்குத் தேவையான மாற்றங்களும் போதிய விவரத்துடன் அதில் சொல்லப்பட வேண்டும். அதைக் குறிப்பிட்டுப் பணிவாக இரண்டு வரி எழுதினேன். நான்கு நாளில் பட்டியல் வந்தது. பொடிக்கல்லை நடைபாதை அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு செடியும் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று காட்ட வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் புதர்கள் வேண்டும். நில சர்வே வரைபடத்தின் மேல் இவை அனைத்தையும் குறித்துத் தர வேண்டும். கேட்டது எதுவும் அநியாயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கோபம்.

சர்வே வரைபடத்தைத் தேடியது தனிக்கதை. வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட காகிதங்கள் ஓர் அடி உயரம் இருக்கும். அதில் அது இல்லை. கடைசியில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்த கோப்பில் கிடைத்தது. மனைவி அதைப் பெரிதாக்கி அச்செடுத்து, கட்டத்தாளை மேலே வைத்துச் செடிகளை வட்டம் வட்டமாக வரைந்தார். டெக்சஸ் சேஜுக்கு ஐந்தடி விட்டம் போட்டபோதுதான், நாங்கள் இரண்டரை அடி இடைவெளியில் மூன்றை நட்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பின்கட்டுக்கு மாற்றினோம். சுவரை ஒட்டி நான்கு குட்டை யாப்பன் ஹாலி சேர்த்தோம்.

பொடிக்கல் எங்கே முடிய வேண்டும் என்பதைக் குழுவினருக்குப் புகைப்படத்தில் காட்ட, கயிறு கட்டிப் பார்த்தோம், படத்தில் தெரியவில்லை. மனைவி உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து, மூன்றடி அகல நடைபாதையின் இரு ஓரத்தையும் இழை பிசகாமல் இழுத்துவிட்டார். (அரிசி மாவைத் தொடாதீர்கள், இங்குள்ள நெருப்பெறும்பு அரைமணி நேரத்தில் வந்துவிடும்.) காலை வெயிலில், காவிநிறப் பொடிக்கல்லின் மேல் அந்த வெள்ளைக் கோடுகள் வரைபடத்தைவிடத் தெளிவாக இருந்தன.

விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக, தங்களிடம் உள்ள ஆவணங்களையும் புகைப்படங்களையும் சங்கம் நமக்குத் தந்துவிட வேண்டும். தரத் தவறினால் நாம் கேட்டதும் பதினைந்து நாள் தள்ளிவைப்பு தானாகவே உண்டு. எனக்கு ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. தள்ளிவைப்பைக் கேட்டு வாங்கினேன். விசாரணை செப்டம்பர் 4 ஆனது. அந்த அவகாசத்தில், எட்டு சனி ஞாயிறுகளில் செய்ய வேண்டிய வேலையை இரண்டில் முடித்து, மூன்று டன் பொடிக்கல்லை அள்ளிவிட்டு அந்த இடத்தில் மரச்சிராய் பரப்பினோம். முதுகுவலி இன்னும் இருக்கிறது.

சங்கம் அனுப்பிய மூன்று புகைப்படங்களையும் பெரிதாக்கிப் பார்த்ததில் இன்னொரு லாபம். ஒன்றில் கார் கொட்டகைக் கதவுக்கு மேல் தெரிந்த கதவிலக்கம் எங்களுடையது அல்ல. எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, எங்களைவிட அதிகமாகக் கல் பரப்பியிருந்த வீடு அது.

விசாரணை நீச்சல் குளத்தை ஒட்டிய கூடத்தில் நடந்தது. முதலில் அவர்கள் தரப்பைச் சொல்ல வேண்டும் என்பது விதி; நிர்வாக நிறுவனத்தின் மேலாளர் கடிதத்தை அப்படியே படித்தார். விசாரித்த சங்கக் குழுவில் இருந்தவர்கள் சம்பளம் வாங்காத, நம்மைப்போல் வேலை முடிந்து களைத்து வந்திருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்களிடம் பிரிவு எண்களை அடுக்கினால் முகம் இறுகிவிடுகிறது என்று மதுரைக்காரர் எச்சரித்திருந்ததால், சட்டத்தை ஒரே ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு, முன்அனுமதி வாங்காதது என் தவறு என்று தொடங்கினேன். கதவிலக்கம் மாறிய படத்தை மேசையில் வைத்தேனே தவிர, அது யார் வீடு என்று சொல்லவில்லை. மேலாளர் அதைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் போல் தோன்றிய ஓர் உறுப்பினர் மட்டும், எங்கள் நடைபாதைப் படத்தில் உள்ள வெள்ளைக் கோடு சுண்ணாம்பா என்று விசாரித்தார். விளக்கிச் சொன்னதும் மற்றவர்களுக்கும் படத்தைக் காட்டினார். இருபது நிமிடத்தில் முடிந்தது. அபராதம் இல்லை, திருத்திய வரைபடத்துக்கு வடிவமைப்புக் குழு ஒப்புதல் தந்தால் வழக்கு முடிந்ததாகக் கொள்ளலாம் என்றார்கள்.

ஒப்புதல் கடிதத்தின் வரைவு வந்தபோது ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். பஃபலோ புல் குளிர்காலத்தில் உறங்கப்போய் வைக்கோல் நிறமாகிவிடும். பட்டுப்போன புல் என்று அதற்கும் ஒரு நோட்டீஸ் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு, பருவகால நிறமாற்றம் விதிமீறலாகக் கருதப்படாது என்ற வரியுடன் அக்டோபரில் கடிதம் வந்தது. அச்செடுத்து, சர்வே வரைபடத்தோடு அதே தடுப்பூசிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் புல் பழுப்பானது. கையில் பலகையுடன் பார்வையிட வந்தவர் எங்கள் வீட்டு முன் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுப்பதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். தபால் எதுவும் இதுவரை வரவில்லை.