அப்புறம் துளை போட்டுக்கலாமா?

"துளையெல்லாம் அப்புறம் சைட்டிலேயே போட்டுக்கலாமா சார்?" என்று ஹாலோ கோர் ஸ்லாப் பற்றிய கூட்டத்தில் பிளம்பிங் இன்ஜினியர் கேட்டார். தொழிற்சாலையில் வார்த்து வரும் தளப் பலகை அது; உள்ளே நீளவாக்கில் ஓடும் வெற்றுக் குழல்கள்தான் கோர். "போட்டுக்கலாம், கோருக்கு நேரா விழுந்தா போதும்" என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசியதில் இந்த ஒரு வரிதான் இன்னும் மனதை அரிக்கிறது.

வரியில் தப்பில்லை. ஹாலோ கோர் ஸ்லாபில் ஸ்ட்ராண்டுகள், அதாவது இழுத்து வைத்து வார்த்த எஃகு வடங்கள், கோர்களுக்கு இடையே நிற்கும் 'வெப்' என்ற கான்கிரீட் சுவரின் அடியில்தான் ஓடும். கோரின் நடுவில் சின்னத் துளை போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே டாப்பிங் கான்கிரீட் போட்ட பிறகு கோர் எங்கே, வெப் எங்கே என்று மேலிருந்து யாருக்குத் தெரியும்? 110 மி.மீ. குழாய்க்குப் போட்ட துளை, வெப்பையும் சேர்த்து வெட்டியிருந்தது. சூப்பர்வைசர் எடுத்துவந்து காட்டிய கான்கிரீட் உருளையில் ஸ்ட்ராண்டின் வெட்டுமுகம். ஏழு கம்பிகளும் புதிதாய்ப் பளபளத்தன.

அதுவும் சப்போர்ட்டிலிருந்து 400 மி.மீ. தூரத்தில். 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் தன் முழு இழுவிசையையும் கான்கிரீட்டுக்குக் கொடுக்கவே ஏறத்தாழ 50 மடங்கு விட்டம், அதாவது 600 மி.மீ.க்கு மேல் வேண்டும். வெட்டினால் அந்தக் கணக்கு வெட்டிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஷியர், அதாவது வெட்டுவிசை, அதிகமாக வருவதும் சப்போர்ட்டுக்குப் பக்கத்தில்தான். இந்த ஸ்லாபில் அதைத் தாங்கும் வளையக் கம்பி, ஸ்டிரப், கிடையாது. எந்திரம் நீளவாக்கில் வார்த்துக்கொண்டே போகும்போது அதை வைக்க வழியில்லை. வெப்பின் கான்கிரீட்டும், ஸ்ட்ராண்டின் இழுப்பு அதில் ஏற்றும் அழுத்தமான ப்ரீஸ்ட்ரெஸ்ஸும்தான் தாங்க வேண்டும்.

கணக்கு போட்டேன். கிரௌட் (சிமெண்ட் கலவை) போட்ட இணைப்புகள் வழியாகப் பக்கத்து ஸ்லாபுகள் பங்கெடுப்பதால் தேறியது. ஆனாலும் அந்த முனையில் இரண்டு கோர்களை மேலே உடைத்து, கம்பி வைத்து கான்கிரீட் நிரப்பச் சொன்னேன். "கணக்கு சரியா இருக்குன்னா எதுக்கு சார் உடைக்கணும்?" என்று கேட்டார் சூப்பர்வைசர். நியாயமான கேள்வி. உடைக்கும் அதிர்வே கூடுதல் கெடுதலோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சைட்டில் வார்க்கும் ஸ்லாப் என்றால் பிறகு துளை போட்டாலும் இவ்வளவு பதற மாட்டேன். நாலு பக்கமும் கம்பி இருக்கும், சுமை வேறு பக்கம் போக வழி இருக்கும். ஹாலோ கோரில் குறுக்குக் கம்பியே இல்லை. 9 மீட்டரை முட்டுக்கொடுக்காமல் தாண்டும் வேகமும் எடைக் குறைவும் வேண்டும் என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிளம்பிங் இன்ஜினியர் கேட்டது கான்கிரீட்டைப் பற்றியே இல்லையோ? துளைகளுக்கான வரைபடம் கொடுக்க அவகாசம் கேட்டிருக்கிறார். நான் ஸ்லாபைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டேன். எந்தக் குழாய், எவ்வளவு பெரிசு, முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வாரம் வேறொரு கூட்டம், அதே கேள்வி. வரைபடம் வராமல் வார்க்க மாட்டோம் என்றேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தொழிற்சாலையில் வார்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. சரி, கழிப்பறைப் பகுதியை மட்டும் முதலில் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.