டிரிப்ஸ் ஓடத் தொடங்கிய முதல் 15 நிமிடம்

பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டை எண்ணிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும் பழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. கடுமையான ஒவ்வாமையோ பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் தலைகாட்டும். மருந்தைத் திறக்குமுன்பே நாடி, பி.பி., காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் அளவைக் குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு நாடி 110 காட்டும்போது, அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் ஏற்றும்போது காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் கூடி 38-ஐத் தொட்டாலே நிறுத்திவிட்டு, ரத்தப் பையிலும் நோயாளியின் கைப்பட்டையிலும் உள்ள விவரங்களை மறுபடி ஒப்பிட வேண்டும்.

வேகக் கணக்கில் சறுக்குவது செட்டை, அதாவது பாட்டிலிலிருந்து கைக்கு வரும் டியூபின் வகையை, பார்க்காததால். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 10,000-ஐ 240-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் அதே 42-ஐ வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். கை மடங்கினாலும் கட்டில் உயரம் மாறினாலும் சொட்டு மாறும். ஒருமுறை எண்ணியதோடு முடிவதில்லை.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராமுக்குக் குறைந்தது 60 நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அது பெரும்பாலும் வேகத்தின் கோளாறு. நிறுத்தி, அடங்கியபின் மெதுவாகத் தொடரலாம். மூச்சு இரைப்பு, பி.பி. இறக்கம், நாக்கு வீக்கம் வந்தால் கதை வேறு: அது கடுமையான ஒவ்வாமை. டியூபை அடைக்கும் கிளாம்பை மூடி, டியூபைக் கேனுலாவிலிருந்தே (ரத்தக்குழாய்க்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் குழல்) கழற்றுங்கள். கேனுலா இருக்கட்டும். அதே டியூபில் சலைனைத் தள்ளினால் உள்ளே நிற்கும் மருந்தையும் சேர்த்து உடம்புக்குள் அனுப்புகிறோம். புது செட் போட்டுத்தான் சலைன். பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஸ்டீராய்டும் ஒவ்வாமையை அடக்கும் ஊசியும் அதற்குப் பிறகுதான்.

ஊசி போட்ட இடம் குளிர்ந்து, வெளிறி, வீங்கினால் திரவம் வெளியே கசிகிறது. சூடாகச் சிவந்து கயிறுபோல் தட்டுப்பட்டால் ரத்தக்குழாய் அழற்சி. இரண்டுக்கும் கேனுலாவை எடுத்துவிடலாம். திசுவைப் புண்ணாக்கும் கீமோ (புற்றுநோய்) மருந்து கசிந்தால் மட்டும் உடனே உருவக் கூடாது; சிரிஞ்சால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்தபின் உருவ வேண்டும். கேனுலாவுக்குள் ரத்தம் பின்னால் வருகிறதே, கசிவு இருக்காது என்று இருந்துவிடாதீர்கள்: கேனுலா முனை பாதி ரத்தக்குழாய்க்குள், பாதி வெளியே இருந்தாலும் ரத்தம் வரும். எரிகிறது என்று நோயாளி சொன்னால் முதலில் கிளாம்பை மூடுங்கள்.