ஐந்து மணித் தண்ணீர்

பிப்ரவரி 9

ஆகாயத்தாமரை மறுபடியும் பாலத்தடிக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 11

குழாய்ச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்ற எங்கள் புகாருக்கு அதிகாரிகளின் அறிக்கை கைக்கு வந்தது. கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 6.9 மில்லிகிராம். மாதிரி எடுத்த நேரம் பிற்பகல் 1.40. நம் நாட்டு வரையறைப்படி குளிக்கும் நீரில் குறைந்தது 5 இருக்க வேண்டும். ஆக, ஆறு நலம், புகார் முடிந்தது.

பொய் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். அந்த நேரத்தில் அந்த இடத்தில் 6.9 இருந்திருக்கும். பாசி மண்டிய தண்ணீரில் வெயில் ஏற ஏற ஆக்சிஜன் கூடத்தான் செய்யும். பொழுது சாய்ந்ததும் பாசி ஆக்சிஜன் விடுவதை நிறுத்திவிடும். ஆனால் பாசியும் மீனும் சாக்கடையைத் தின்னும் பாக்டீரியாவும் ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டேதான் இருக்கும். இருப்பதெல்லாம் தீர்ந்து அடிமட்டத்துக்கு வருவது சூரியன் உதிக்கச் சற்று முன்னால். மீன் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரத்துக்கு எந்த அதிகாரி பாட்டிலோடு வருவார்?

பிப்ரவரி 12

தூக்கம் வரவில்லை. 6.9.

பிப்ரவரி 15

தண்ணீரை நானே அளக்க ஆய்வகத்து அக்கா ரசாயனங்கள் கொடுத்தார், கூடவே ஒரு மணி நேரம் திட்டும் கொடுத்தார். "கையுறை இல்லாம அசைடு பாட்டிலத் தொட்டே, அப்புறம் இந்தப் பக்கம் வராதே." கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை, 1888இலிருந்து இருப்பது. கருவி எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து நிரப்ப வேண்டும். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் போச்சு. முதலில் மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் அயோடைடும் அசைடு என்ற விஷமும் கலந்த காரக் கரைசல். மூடி போட்டுக் குலுக்கினால் திரிதிரியாக ஏதோ இறங்கும். பழுப்பாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை.

அதன் பிறகு அமிலம், நீலமாக்க ஸ்டார்ச், அந்த நீலத்தைப் போக்கச் சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட். 200 மில்லி மாதிரிக்கு 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட் என்றால், நீலம் மறைய எத்தனை மில்லி செலவாகிறதோ அதுவே லிட்டருக்கு மில்லிகிராமில் விடை. கணக்கில் நான் எப்படி என்று அக்காவுக்குத் தெரியும், அதனால்தான் இந்த அளவுகளில் கலந்து கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 16

காலை 5.10. சாக்கடைக் குழாய்க்குக் கீழே, மதகு ஓரம். வெள்ளை.

பிப்ரவரி 17

நேற்று அதற்குமேல் எழுதத் தோன்றவில்லை. சுத்த வெள்ளை என்றும் சொல்ல முடியாது, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. 0.6 வந்தது. மேலே நாணல் இருக்கும் வளைவில் 4.3. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு குழாய்தான்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவருக்குப் போன் செய்தேன். உடம்பு எப்படி என்று கேட்பதற்குள், "அஞ்சு மணிக்கு எவ்வளவு?" என்றார்.

பிப்ரவரி 19

கூட்டம். ஆற்றைப் பற்றிப் பேசியது கொஞ்சம், நடைபாதையைப் பற்றிப் பேசியது மிச்சம். கரை நெடுகக் கல் பதித்து, விளக்கு வைத்து, உட்கார பெஞ்சு போடுவார்களாம். நாணலும் கோரையும் "அசிங்கமாக" இருக்கிறதாம். கரை சரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த வேர்கள்தான். தண்ணீரில் வரும் நைட்ரேட்டில் ஒரு பங்கை உறிஞ்சுவதும் அவைதான். சொன்னேன். தலையாட்டினார்கள். அப்புறம் விளக்கு மஞ்சளா வெள்ளையா என்று ஓட்டெடுப்பு.

ராஜஸ்தானில் ஆர்வரி ஆற்றுக்காக ஏறக்குறைய 70 கிராமங்கள் சேர்ந்து 1999இல் ஒரு நாடாளுமன்றமே அமைத்தன. யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், என்ன பயிர் வைக்கலாம் என்றெல்லாம் பேசி முடிவெடுத்தார்கள். இங்கே பத்துப் பேர் சேர்ந்து பல்பின் நிறத்தில் நிற்கிறோம்.

பிப்ரவரி 23

ஞாயிறு. நல்ல கூட்டம். ஆகாயத்தாமரை வாரினோம். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். முட்டியளவு சேற்றில் நின்று வேர்க்கொத்தை இழுக்கும்போது கருப்பாகத் தாடி போல வந்து விழும், அதற்குள் சின்னச் சின்ன இறால், நத்தை, ஏதேதோ துடிக்கும். வாரிய இடத்தில் வெயில் போய் விழுவதைப் பார்க்க நன்றாக இருந்தது.

வாரியதைக் கரையோரமே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நல்ல மழைக்குப் பாதி திரும்ப உள்ளே போகும், மீதி அழுகிச் சாறு இறங்கும். வண்டி கேட்டிருக்கிறேன்.

சாக்கடை வந்துகொண்டிருக்கும்வரை இந்தச் செடிக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. விதைகள் சேற்றுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து முளைக்கும். பஞ்சாபில் சீக்கியத் துறவி பல்பீர் சிங் சீச்சேவால் தலைமையில் 2000இல் காளி பேன் ஆற்றை மீட்கத் தொடங்கியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கையால் வாரினார்கள், கையால் வாரினார்கள். வாரியதோடு நின்றிருந்தால் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். சாக்கடையை ஆற்றுக்குள் விடாமல் திருப்பி, குட்டைகளில் சுத்திகரித்து வயலுக்குப் பாய்ச்சியது அல்லவா விஷயம்? அதற்குப் போட்டோ எடுப்பது கஷ்டம், சரி.

பிப்ரவரி 24

முதுகு வலி. ஆற்றுக்குப் போகவில்லை. போகாததற்கு முதுகு மட்டும் காரணமில்லை.

பிப்ரவரி 27

விடியும் முன்பே மீன்காரர் கூப்பிட்டார். மதகு ஓரம் கெண்டைகள் மொத்தமும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. டார்ச் அடித்தும் விலகவில்லை, கையைப் போட்டு அள்ளலாம். "விரால் தப்பிச்சுக்கும் தம்பி, அதுக்கு மேல வந்து காத்தக் குடிக்கத் தெரியும். இதுங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். ஏழரை மணி வாக்கில் வெயில் ஏறியதும் பிழைத்தவை கீழே இறங்கிவிட்டன. மற்றவை வெள்ளை வயிற்றோடு ஒதுங்கின.

பிற்பகலில் அதே இடத்தில் அளந்தேன். 9.4. முப்பது டிகிரித் தண்ணீர் சாதாரணமாகக் கரைத்து வைக்கக் கூடியதே ஏழரைதான். அதையும் தாண்டி நிற்கிறதென்றால் பாசி அவ்வளவு. பகலில் எண் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 28

விடியலில் எடுத்த 0.6, பிற்பகலில் எடுத்த 9.4, இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டேன். மேலே தேதி, நேரம், இடம், அவ்வளவுதான். அடைமொழி எதுவும் போடவில்லை.

மார்ச் 3

பதில் இல்லை.

மார்ச் 4

தேம்ஸ் ஆறு செத்துவிட்டது என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் 1957இல் அறிவித்தார்கள். 1974இல் அதில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. இடையில் கழிவுநீர் நிலையங்களைச் சரிசெய்தார்கள். பதினேழு வருஷம். பெரியவருக்கு இப்போதே 74. இன்று போனில் குரல் சரியாக வரவில்லை, ஆனாலும் கேட்டார். 1.1 என்றேன். "ஏறியிருக்கே" என்றார். மேகமூட்டம், குளிர்ந்த தண்ணீர், அதனால் இருக்கலாம் என்று விளக்க வாயெடுத்தேன், விளக்கவில்லை.

மார்ச் 6

வண்டி வரவில்லை. கரையில் குவித்தது அழுகத் தொடங்கிவிட்டது. நடைபாதைக்கு அளவு எடுக்க மட்டும் ஆள் வந்தாயிற்று, நாணல் வளைவில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். பிடுங்கவில்லை. பிடுங்கியிருக்கலாம்.

மார்ச் 8

அதிகாரியிடமிருந்து போன் வந்தது. எங்களையும் வைத்துக்கொண்டு கூட்டு மாதிரி எடுக்கிறார்களாம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. காலை ஐந்து மணிக்கு என்றால் வருகிறோம் என்றேன். "அலுவலக நேரம் இல்லையே சார்." மீனுக்கு அது தெரியாதே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மார்ச் 10

ஐந்தரை என்கிறார்கள். சூரியன் ஆறரைக்குத்தான், ஐந்தரை போதும். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தயோசல்பேட் பழசாகிவிட்டது, அக்காவிடம் புதிதாக வாங்க வேண்டும். ராத்திரி மழை வரும் போலிருக்கிறது. மழை என்றாலே அந்தக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார்கள், தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று. மதகில் யாராவது இருந்தாக வேண்டும். மீன்காரருக்குச் சொல்லியாயிற்று, நானும் கிளம்புகிறேன்.